சப்பாத்தோடு உண்ட பாஸ்கா

கொழும்பில், கொட்டாஞ்சேனையின் அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குள் வந்துபோகிற எவருக்கும் புளோறன்ஸ் வீட்டுச் சட்டம் தெரியும். செருப்பு வாசலோடு சரி. அதில் பெரியவர் சின்னவர் என்ற பேச்சே இல்லை. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிற, 'மல்லி' (தம்பி) என்று எல்லாரும் சிங்களத்தில் கூப்பிடுகிற பையன், தோளில் அந்தப் பாரத்தோடு வாசலில் நின்று, ஒரு காலால் மற்றக் காலின் சப்பாத்தை உருவித் தள்ளிவிட்டுத்தான் குசினிக்குப் போவான். மின்சார மீற்றர் பார்க்க வந்த ஒருவன் ஒரு நிமிஷம்தானே என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு காலை உள்ளே வைத்தான். புளோறன்ஸ் கூட்டுகிற தும்புக்கட்டையோடு வந்து நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, யன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து மீற்றர் இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்விட்டான். வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க வந்த புதுப் பாதரைக்கூட அவள் விடவில்லை. "குறை நினைக்காதேங்கோ பாதர்" என்று சொல்லி அவருடைய காலைப் பார்த்தாள், அவ்வளவுதான். பாதரின் பெருவிரல் சொக்ஸ் ஓட்டையால் எட்டிப் பார்த்ததை ஒழுங்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும்.

எல்லாம் அந்த நிலத்துக்காகத்தான். சிவப்புச் சீமெந்து நிலம். ஒரு ஹோல், ஒரு அறை, ஒரு குசினி என்று வீடு கையகலம்தான், ஆனால் நிலத்தில் முகம் பார்க்கலாம். சனிக்கிழமைகளில் பொலிஷ் பூசி, முழங்காலில் இருந்து தேங்காய்ப் பொச்சால் தேய்ப்பாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் அவளுடைய தவம். வேறு வீட்டுப் பெண்கள் நகை காட்டுவார்கள், புளோறன்ஸ் நிலத்தைக் காட்டுவாள்.

அவளுடைய புருஷன் வின்சன்ற் துறைமுகத்தில் கிறேன் ஒப்பரேற்றர். வேலை முடிந்து வந்தால் ஒழுங்கைப் பைப்படியில் சப்பாத்தைக் கழற்றி, கால் கழுவி, வெறுங்காலோடுதான் வீட்டுக்குள் வருவார். கட்டை குட்டையான, முன்னுக்கு இரும்பு வைத்த அந்த வேலைச் சப்பாத்து, தண்ணி மீற்றருக்குப் பக்கத்தில் உள்ள செங்கல் தட்டில் இரவு முழுதும் கிடந்து விடிய அவரோடு புறப்படும். பென்ஷன் எடுத்த பிறகும் அதை ஒருவரும் எறியவில்லை. தட்டிலேயே கிடந்து தூசி பிடித்தது. மழைக்காலத்தில் ஒரு பூனை அதற்குள் குட்டி போடப் பார்த்தது, அதையும் புளோறன்ஸ் கலைத்துவிட்டாள்.

அந்த மனிதர்தான் இப்போது கட்டிலோடு கிடக்கிறார்.

வயிற்றில் தொடங்கிய நோய். ஆஸ்பத்திரியில் வெட்டிப் பார்த்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கடைசியில் டொக்டர் புளோறன்ஸையும் மகன் றமேஷையும் வெளி விறாந்தைக்குக் கூப்பிட்டு மெல்லிய குரலில் கதைத்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் நோகாமல் வைத்திருங்கள், திரும்ப அலைக்கழிக்க வேண்டாம் என்றார். றமேஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். புளோறன்ஸ் அழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்ட்டுக்குள் போய், "கொஞ்சம் பலம் வரட்டுமாம், சாப்பிட்டுத் தேறி வந்தால் மற்ற மருந்து தொடங்கலாமாம்" என்று புருஷனிடம் சொன்னாள். வின்சன்ற் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அன்றிலிருந்து அந்தப் பொய்யை அவள் கஞ்சியோடு சேர்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த அன்றே அவள் இன்னொன்றும் செய்தாள். அலுமாரியில் ஒரு கறுப்புச் சப்பாத்து இருந்தது. மகள் டில்ஷானியின் கலியாணத்துக்கு வாங்கியது. மகள் இத்தாலிக்குப் போய்விட்டாள், சப்பாத்து பெட்டிக்குள் பளபளவென்று கிடந்தது. எங்கள் ஆட்களில் ஆம்பிளை செத்தால் கோட்டுப் போட்டு, வெள்ளைச் சொக்ஸ் போட்டு, கறுப்புச் சப்பாத்து மாட்டித்தான் சவப்பெட்டியில் கிடத்துவார்கள். வீட்டுக்குள் சப்பாத்தோடு ஒரு ஆம்பிளை கிடப்பதை அவள் அப்படி மட்டும்தான் கண்டிருக்கிறாள். அப்பா அப்படிக் கிடந்தார், தம்பி அப்படிக் கிடந்தான். அதனால் சப்பாத்துப் பெட்டியை ஒரு பைக்குள் போட்டு, மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கிற அன்னபாக்கியத்திடம் கொண்டுபோனாள். "அக்கா, இது கொஞ்சநாள் உங்களிட்ட இருக்கட்டும்" என்றாள். அன்னபாக்கியம் யாழ்ப்பாணத்து மனுஷி, சைவம். என்ன ஏது என்று கேட்காமல் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

குருத்து ஞாயிறு வந்தது. கோயிலில் மந்திரித்த குருத்தோலையைச் சிலுவையாக மடித்து, வாசல் நிலைக்கு மேல் ஆணியில் குத்தினாள். ஒவ்வொரு வருஷமும் குத்துவதுதான். இந்த வருஷம் குத்திவிட்டு, கதவுநிலையில் நெற்றியை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றாள். "ஆண்டவரே, இந்த வாசலைக் கடந்து போகட்டும்" என்று கேட்டாள். எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த சனங்கள் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை வாசலில் பூச, சாவு அந்த வீடுகளுக்குள் நுழையாமல் கடந்துபோனது. அதுதான் முதல் பாஸ்கா. அந்த ஆட்டுக்குட்டிதான் பிறகு இயேசுவாக வந்து தன் இரத்தத்தாலே எங்களைக் காப்பாற்றியது என்று ஞானோபதேச வகுப்பில் படித்ததை அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் நம்பினாள். நம்பியதைத்தான் கேட்டாள்.

பெரிய வியாழனுக்கு முதல் நாள் ஒழுங்கைக்காரர் பாஸ்கா விருந்து வைப்பார்கள். இயேசு சீடரோடு இருந்து உண்ட கடைசிப் பாஸ்காவை நினைத்து, ஏதாவது ஒரு வீட்டில் கூடுவார்கள். ஈஸ்ட் போடாத கோதுமை ரொட்டி, ஆட்டிறைச்சி, கசப்புக்குப் பாவக்காய், வைனுக்குப் பதில் முந்திரிகைப்பழச் சாறு. பாய் விரித்து இருந்து, அந்த எகிப்து இரவின் வாசகத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். வாசிப்பது எப்போதும் வின்சன்ற்தான். கப்பல் அடித்தட்டில் நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டுமென்று மேலேயிருந்து கத்திப் பழகிய குரல், மைக் தேவையில்லை. அவர் 'சாவு' என்று வாசித்தால் முன்வரிசைப் பிள்ளைகள் தாயின் மடிக்கு நகரும்.

இந்த வருஷம் விருந்து எதிர்வீட்டுப் பேர்ணடெற்றின் வீட்டில் நடந்தது. முடிந்த கையோடு அவள் ஒரு தட்டில் பங்கு கொண்டுவந்தாள். சட்டப்படி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"எப்பிடி அண்ணன்? உங்கட குரல் இல்லாமல் ஒண்டும் நடந்த மாதிரியே இல்ல. ரொனி வாசிச்சவன். வாய்க்குள்ள முணுமுணுத்துப்போட்டு இருந்திட்டான்."

"முழுக்க வாசிச்சவனோ?" வின்சன்ற்றின் குரல் இப்போது அந்தக் கட்டிலைத் தாண்டாது.

"ஓம், நீங்கள் வாசிக்கிற அதே இடம்தான்."

"அதை எப்பிடிச் சாப்பிட வேணுமெண்டு ஒரு இடத்தில வருமே?"

"ஓம். இடுப்பைக் கட்டிக்கொண்டு, கையில தடி பிடிச்சு, காலில செருப்புப் போட்டுக்கொண்டு அவசரமாச் சாப்பிட வேணும்."

"அப்ப, உங்கட வாசலில இண்டைக்கு எத்தினை சோடி செருப்புக் கிடந்தது?"

பேர்ணடெற்றுக்கு முதலில் விளங்கவில்லை. "எல்லாரும் கழட்டிப்போட்டுத்தானே வந்தவை…" என்று தொடங்கியவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வின்சன்ற் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, புளோறன்ஸ் ஓடிவந்து முதுகைத் தடவினாள். அப்படியும் அவர் விடவில்லை.

"இத்தினை வருஷமா வாசிச்சது ஆர்? நான். செருப்போட சாப்பிடு எண்டு ஊருக்கெல்லாம் கேக்க வாசிச்சுப்போட்டு, வெறுங்காலோட சம்மணங்கட்டி இருந்து, ஆறுதலா மூண்டாந்தரமும் இறைச்சி போட்டுச் சாப்பிட்டது ஆர்? அதுவும் நான்தான். வாசலில செருப்பு மலை மாதிரிக் கிடக்கும். ஒருத்தருக்கும் படேல்ல பாருங்கோ."

"நாங்கள் என்ன செய்யுறது அண்ணன்? எகிப்தில இருந்து சனத்தைக் கூட்டிக்கொண்டு போன மோயீசனே புளோறன்ஸ் அக்காவிட்ட வந்திருந்தாலும் வாசலில கழட்டிப்போட்டு வரச் சொல்லியிருப்பா."

"எரியிற முட்செடிக்கு முன்னால மோயீசனைக் கழட்டச் சொன்னது நானோ? ஆண்டவர்தானே சொன்னவர்!" என்று புளோறன்ஸ் விடாமல் கேட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டுக் கனநாள்.

பேர்ணடெற் போனபிறகு வின்சன்ற் கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரை என்று நினைத்து அவள் எழும்பப் போக, கையைப் பிடித்தார்.

"புளோறி, நீ சொன்னது சரி. வந்து சேர்ந்த இடத்தில கழட்டவேணும். வெளிக்கிடேக்க போடவேணும். நாளைக்குப் பெரிய வியாழன். நாங்கள் இஞ்ச சரியான மாதிரிச் செய்வம். றமேஷையும் நதீஷாவையும் வரச் சொல்லு. என்ர சப்பாத்தை எடுத்துத் தா."

புளோறன்ஸ் கையை விடுவித்துக்கொண்டாள்.

"விசர்க்கதை கதைக்காதேங்கோ. வீட்டுக்குள்ள என்ன சப்பாத்து?"

"போட்டுக்கொண்டு சாப்பிட வேணும்."

"நல்லாத் தேறி வாங்கோ. அடுத்த வருஷம் நீங்களே வாசிப்பீங்கள், அப்ப எல்லாரும் போடுவம்."

"அடுத்த வருஷம்…" என்று சொல்லி அவர் அவளைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. ஒளிச்சு விளையாடுகிற பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டும் காணாததுபோல நிற்பார்களே, அந்த மாதிரி. அவளால் அதைத் தாங்க முடியவில்லை. கதவுப் பக்கம் கையை நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ, அங்க குருத்தோலை கட்டியிருக்கிறன். இரத்தம் பூசின வாசலைச் சாவு கடந்து போனது. பாஸ்கா எண்டால் அதுதான். எங்கட வாசலையும் கடந்து போகும். எனக்கு விசுவாசம் இருக்கு, உங்களுக்கு இல்லாட்டிச் சும்மா இருங்கோ."

வின்சன்ற் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்துத்தான் கதைத்தார்.

"சாவு உள்ள வராமல் இருக்கிறதுக்கு மட்டும்தான் அந்தச் சாப்பாடெண்டால், சப்பாத்து என்னத்துக்குப் புளோறி? வீட்டுக்குள்ள பதுங்கி இருக்கிறவைக்குச் சப்பாத்து என்னத்துக்கு?"

அவள் குசினிக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்த சட்டியை எடுத்துத் திரும்பவும் கழுவினாள்.

வியாழக்கிழமை விடியவே புழுங்கியது. சித்திரை வெயில் தகரத்தில் இறங்கி, ஒழுங்கை முழுக்க அவிந்த மணம். வருஷப்பிறப்புப் பலகாரம் இன்னும் முடியாத நாட்கள். மேல்வீட்டிலிருந்து வந்த பயத்தம் பணியாரம் ரின்னுக்குள் இருந்தது, வின்சன்ற்தான் தொடவில்லை. புளோறன்ஸ் சப்பாத்தை மறந்துவிட்டாற்போல வேலை செய்தாள். ரொட்டிக்கு மாவை அரித்து, உப்பும் தண்ணியும் மட்டும் விட்டுப் பிசைந்தாள். தேங்காய்ப்பூக்கூடப் போடவில்லை. பாவக்காயைச் சீவி உப்பில் பிரட்டினாள். வழக்கமாகக் கசப்பைப் பிழிந்து ஊற்றிவிடுவாள், இன்றைக்குப் பிழியக் கூடாது. மத்தியானத்துக்குப் பிறகு, அவருடைய படுக்கைவிரிப்புகளைக் காயப்போட்ட மொட்டைமாடிக்குப் போனாள். அங்கே அன்னபாக்கியம் சுளகில் செத்தல் மிளகாய் காயவைத்திருந்தாள். புளோறன்ஸ் வந்த அதே நேரம் கடல் பக்கத்திலிருந்து வானம் கறுத்து, காற்று அடித்தது.

"ஓடிவாரும், துளிக்குது!" என்று அன்னபாக்கியம் சுளகைத் தூக்கினாள். இருவரும் விரிப்பையும் மிளகாயையும் வாரிக்கொண்டு மேல்வீட்டுக்குள் ஓடினார்கள். மழை சோவென்று கொட்டியது. அன்னபாக்கியத்தின் புருஷன் கனகசபாபதி காது மந்தமானவர், சாய்மனைக் கதிரையில் இடிமுழக்கத்துக்கும் அசையாமல் கிடந்தார்.

விரிப்பை மடித்துக்கொண்டே புளோறன்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். பொய்யையும் சொன்னாள். அதை அவள் வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை.

"சப்பாத்துக் கேக்கிறார் அக்கா. போட்டால் அவர் போயிடுவார். எனக்கு அது தெரியுது."

அன்னபாக்கியம் மிளகாயைக் கடதாசியில் பரப்பினாள். அவசரப்பட்டுக் கதைக்கிற மனுஷி இல்லை அவள்.

"உங்கட சமயத்தில எப்பிடியோ எனக்குத் தெரியாது புளோறன்ஸ். ஆனால் செருப்போட சாப்பிட்டனாங்கள் நாங்கள். தொண்ணூற்றியஞ்சில யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு. உலையில அரிசி வெந்துகொண்டிருக்குது, ஆமி வருகுது, எல்லாரும் வெளிக்கிடுங்கோ எண்டு ஸ்பீக்கர் கட்டின வான் சொல்லிக்கொண்டு போகுது. அரைவேக்காட்டுச் சோறு. குசினிக்குள்ள, செருப்போட, பையைத் தோளில கொழுவிக்கொண்டு, நிண்டபடி கையால அள்ளி விழுங்கினனாங்கள். என்ர குசினிக்குள்ள செருப்போட! அண்டைக்கும் இப்பிடித்தான் மழை."

"ஐயோ அக்கா."

"மாமா, இவற்ற அப்பா, படுக்கையில. இவர் சைக்கிள் கரியரில வைச்சுக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தவர். 'நாளைக்குத் திரும்பி வந்திடுவம் மாமா' எண்டு நான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தனான். அவர் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு வந்தார். கைதடிப் பாலம் தாண்டேக்க என்ர கையைப் பிடிச்சு, 'பிள்ளை, உனக்குக் களைக்குது, இனிச் சொல்லாத' எண்டார்." அவள் மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "திரும்பி வரமாட்டமெண்டு அவருக்கு வீட்டுப்படி இறங்கேக்கயே தெரியும். எனக்காக நம்பினவர். அதுதான் எனக்கு இன்னும் மனசில கிடக்குது. அவரோட ஒரு சொல் உண்மையாக் கதைச்சுப்போட்டு அவரைப் போக விட்டிருக்கலாம்."

 மடித்து முடித்த விரிப்பை வைத்துவிட்டு, புளோறன்ஸ் தானே குனிந்து, கட்டிலுக்குக் கீழேயிருந்து பையை இழுத்து எடுத்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அக்கா, வீட்டில ஆக்கள் காணாட்டிப் பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொண்டு சாப்பிடச் சொல்லித்தான் வாசகத்தில இருக்கு. நீங்களும் வாங்கோ. இறைச்சி தொட வேண்டாம். ரொட்டியும் பாவக்காயும் இருக்கு."

"வாறன்" என்றாள் அன்னபாக்கியம்.

பின்னேரம் மழை விட்டபோது ஹெந்தளையிலிருந்து றமேஷும் அவனுடைய மனைவி நதீஷாவும் நனைந்துகொண்டு வந்தார்கள். நதீஷா சிங்களப் பிள்ளை, மாமியாரின் சட்டத்தைக் கலியாணத்துக்கு முதலே படித்தவள். இருவரும் வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். ஒழுங்கைக்காரர் எல்லாம் பாதம் கழுவும் பூசைக்குக் கோயிலுக்குப் போய்விட்டிருந்தார்கள், தெரு வெறிச்சோடிக் கிடந்தது. புளோறன்ஸ் ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணி கொண்டுவந்தாள். றமேஷ் தகப்பனைத் தூக்கிக் கட்டில் விளிம்பில் இருத்திப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டான்.

அவள் முழங்காலில் இருந்தாள். அந்த நிலத்தில் எத்தனையோ வருஷம் முழங்காலில் இருந்தவள்தான், ஒரு ஆளுக்கு முன்னால் இருந்தது இதுதான் முதல்தரம். வின்சன்ற்றின் உடம்பு வற்றி எலும்பாகியிருந்தது, கால்கள் மட்டும் நீர் கோர்த்து வீங்கியிருந்தன. விரலிடுக்கெல்லாம் மெல்லக் கழுவினாள். இரும்புச் சப்பாத்து உரஞ்சிக் காய்த்த இடங்கள் இன்னும் அப்படியே இருந்தன. அந்தக் காய்ப்புகளில்தான் அந்த வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள், அவளுடைய நிலம் மினுங்கியது. கழுவித் துவாயால் ஒற்றிவிட்டு, பையைத் திறந்து கறுப்புச் சப்பாத்தை எடுத்தாள். போட்டுப் பார்த்தாள், போகவில்லை. நாடாவை முழுக்கக் கழற்றித் தள்ளினாள். பாதி விரலோடு நின்றுவிட்டது.

சப்பாத்து ஏறாதது அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவும் தெரியவில்லை. "பாருங்கோ, அளவில்ல" என்றாள்.

"அதை ஆர் கேட்டது?" என்றார் வின்சன்ற். "அது கலியாணத்துக்கு. நான் விடிய வெளிக்கிடேக்க எதைப் போடுறனான்?"

புளோறன்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழும்பி வெளியே போனாள். மீற்றருக்குப் பக்கத்துத் தட்டில் மழைச்சாரல் பட்டு அந்த வேலைச் சப்பாத்து நனைந்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவளுடைய நல்ல சேலை, அதைப் பற்றி யோசிக்கவில்லை. கையில் தூக்கிக்கொண்டு படியேறி, அந்தச் சப்பாத்து ஒருநாளும் தாண்டாத வாசலைத் தாண்டி, குருத்தோலைக்குக் கீழால் உள்ளே வந்தாள்.

நாடாவைத் தளர்த்தி விரித்ததும் கால் இரண்டும் தம் இடம் தெரிந்ததுபோலப் போய் இருந்தன. அவள் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கும்போது கோயில் மணிகள் அடிக்கத் தொடங்கின. பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' கீதம் பாடும்போது எல்லா மணியையும் சேர்த்து அடிப்பார்கள். அதற்குப் பிறகு சனி இரவு உயிர்ப்பின் திருவிழிப்பு வரைக்கும் மணி வாய் திறக்காது. எவ்வளவோ வருஷம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றவள், இன்றைக்குத் தூரத்தில் இருந்து கேட்டாள். மழை கழுவிய காற்றில் அது வீட்டுக்குள் வந்து நிறைந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் முடிச்சிலிருந்து கையை எடுக்காமல் இருந்தாள். மணிகள் அடித்து ஓய்ந்து வீடு அமைதியானது.

அந்த அமைதிக்குள் அவள் சொன்னாள்.

"டொக்டர் இனி வர வேண்டாமெண்டு சொன்னவர். மருந்து ஒண்டும் இல்லையாம். நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

"தெரியும் புளோறி."

"எப்ப தெரியும்?"

"நீ அழாமல் வந்து நிண்டாய். அப்பவே தெரியும்." அவர் கையை அவளுடைய தலையில் வைத்தார். "எனக்குப் பயமில்ல. நீ விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய் எண்டதுதான் ஒரே கவலை."

புளோறன்ஸ் அவருடைய முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். வார்ட்டில் அழாததையும் சேர்த்து அழுதாள். றமேஷ் பின்னாலிருந்து தகப்பனின் தோளை நனைத்தான். வின்சன்ற்தான் கடைசியில், "சாப்பாடு ஆறுது. அவசரமாச் சாப்பிட வேணுமெண்டது வாசகம்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"றமேஷ், போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வா. நதீஷா, யூ ஓல்சோ."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். "மம்மி, சேறு…" என்றான் றமேஷ்.

"சேறோட வா."

அவன் சப்பாத்தோடு வாசற்படியில் வந்து, பள்ளிக்கூடம் போன நாட்களில் போலத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காலை வைத்தான். சிவப்பு நிலத்தில் கறுப்பாய் ஒரு அடி. புளோறன்ஸ் அதைப் பார்த்தாள். தானும் வெளியே போய்க் கோயிலுக்குப் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். தன் வீட்டுக்குள் தன் செருப்புச் சத்தத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அன்னபாக்கியம் படியால் இறங்கி வந்து, எல்லாருடைய காலையும் ஒருதரம் பார்த்துவிட்டு, செருப்போடு வந்து நின்றாள். "எனக்கு இது பழக்கம்" என்றாள்.

ஒருவரும் உட்காரவில்லை. கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வாசகத்தை வின்சன்ற் புத்தகமில்லாமல் சொன்னார். மூச்சு முட்டிய இடங்களில் புளோறன்ஸ் எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டதெல்லாம் தனக்குப் பாடமாகியிருக்கிறது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆட்டுக்குட்டி, இரத்தம், கதவுநிலை, விடியமுன் புறப்பாடு, பிளந்து வழிவிட்ட கடல். சாவு கடந்துபோன வீட்டுக்காரரும் அந்த வீட்டில் தங்கவில்லை, எழும்பி நடந்தார்கள். இயேசுவும் அந்தக் கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு எழும்பித்தான் போனார், சாவைச் சுற்றிப் போகவில்லை, அதற்குள்ளால் நடந்து மற்றக் கரைக்குப் போனார். இதெல்லாம் அவள் கேட்காத பிரசங்கமா? ஆனால் சேற்றுக் காலோடு, வெறும் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், அந்த இரவு எங்கோ எகிப்தில் முடிந்துபோன ஒன்றல்ல, இப்போது இந்தச் சின்ன அறைக்குள்தான் நடக்கிறது என்று அவளுக்கு உடம்பெல்லாம் தெரிந்தது. நடுங்கினாள். பயத்தில் இல்லை. பூசையில் நற்கருணையை உயர்த்தும்போது வருகிற நடுக்கம் அது. தன் குசினி மணமும் மருந்து மணமும் உள்ள அந்த அறையில் ஆண்டவர் பயண உடுப்போடு நிற்கிறார் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாள், தெரியும் என்றிருப்பாள்.

ரொட்டியைக் கிள்ளி இறைச்சி ஆணத்தில் தோய்த்து வின்சன்ற்றின் வாயில் வைத்தாள். பாவக்காயில் ஒரு நூல் வைத்தாள்.

"கசக்குதோ?"

"பிழியேல்லப் போல."

"பிழியேல்ல."

"நல்லாக் கசக்குது" என்று அவர் விருப்பத்தோடு மென்றார். அவர் அன்றைக்கு உண்டது அவ்வளவுதான். நதீஷா தங்கள் வழக்கப்படி முழங்காலில் இருந்து, வீட்டை விட்டுப் பயணம் போகும்போது பெரியவர்களைக் கும்பிடுவதுபோல, அந்த இரும்புச் சப்பாத்துகளைத் தொட்டுக் கும்பிட்டாள். "பிள்ளை, போறது நீ இல்ல, நான்" என்று வின்சன்ற் அவளைத் தடவிச் சிரித்தார். பிறகு புளோறன்ஸைப் பார்த்தார். கேட்டுக்கொண்டு நிற்கிற பார்வை.

அவர் துறைமுகத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு விடியலும் வாசலில் நின்று சொன்னதைத்தான் சொன்னாள்.

"போயிட்டு வாங்கோ."

சனிக்கிழமை காலை, அவள் கையைப் பிடித்திருக்க, வின்சன்ற் போனார். அன்றிரவு கோயிலில் உயிர்ப்பின் மணிகள் திரும்பவும் அடித்தபோது அவள் ஆணியிலிருந்த குருத்தோலைக்குக் கீழே நின்று கேட்டாள். கடந்துபோகட்டும் என்று அந்த இடத்தில் கேட்டது நடக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

உடம்பைச் சோடிக்க வந்த பையன் கறுப்புச் சப்பாத்துக் கேட்டான். அவள் வேலைச் சப்பாத்தைக் கொடுத்தாள்.

"இந்த உடுப்புக்கு இது பொருந்தாது அன்ரி."

"உடுப்புக்குப் பொருந்தத் தேவையில்ல தம்பி. காலுக்குச் சரியா வரும்."

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிந்து ஒழுங்கை முழுவதும் நேரே அந்த வீட்டுக்கு வந்தது. பெருநாள் உடுப்போடு, புதுச் செருப்போடு வந்தார்கள். பேர்ணடெற் முன்னுக்கு வந்தாள், பின்னால் ரொனி, காஸ் கொண்டுவருகிற மல்லி, சொக்ஸ் பாதர். ஹோலின் நடுவில் பெட்டி, அதில் வின்சன்ற், காலில் இரும்பு வைத்த சப்பாத்து. சனம் வாசலில் முட்டி, வழமைபோலக் குனிந்து ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றத் தொடங்கியது.

புளோறன்ஸ் பெட்டிப் பக்கத்திலிருந்து எழும்பி வாசலுக்கு வந்தாள். அவள் காலிலும் செருப்பு இருந்தது.

"கழட்டாதேங்கோ" என்றாள். "அவர் வெளிக்கிட்டு நிக்கிறார். நாங்களும் ஒருநாள் போறாக்கள்தானே. போட்டுக்கொண்டே உள்ள வாங்கோ."

பேர்ணடெற் கழற்றிய ஒரு செருப்பைத் திரும்பக் காலில் மாட்டிக்கொண்டு, அழுதுகொண்டே முதலாவதாக உள்ளே வந்தாள். பிறகு எல்லாரும் வந்தார்கள். மல்லி மட்டும் நம்பாமல் படியில் நின்றான், அவள் அவனுடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.